கொடுத்த நிமிடம், படித்த நிமிடம்: 2020-21இல் கலிஃபோர்னியா பாடநேரத்தை எண்ணிய விதம்

ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னங்களைக் கூட்டும் பன்னிரண்டு கணக்குகள். ஆசிரியர் அதை இணையத்தில் ஏற்றும்போது ஓரத்தில் ‘30 நிமிடம்’ என்று குறிக்கிறார். ஒரு பையன் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு விளையாடப் போய்விடுகிறான். இன்னொருத்தி தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுகிறாள். மூன்றாவது பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பள்ளியின் பாடநேரக் கணக்கில் மூவருக்கும் ஒரே எண்தான்: 30.

இதில் யாருடைய தில்லுமுல்லும் இல்லை. கொரோனாவால் வகுப்புகள் இணையத்துக்குப் போன 2020-21 கல்வியாண்டில் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமே அப்படித்தான் எண்ணச் சொன்னது. திறக்காத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடலாம், அது வருகைக் கணக்கு, தனி ஏடு. பாடநேர ஏடு கேட்டது வேறு கேள்வி: பள்ளி இன்று எத்தனை நிமிடப் படிப்பு கொடுத்தது? கொடுத்ததைத்தான் கேட்டது. வாங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. அந்த ஒரு சொல் எப்படி உள்ளே வந்தது, வந்ததால் என்ன ஆனது என்பதே இந்த ஆய்வு.

மணிக்கணக்குக்குப் பின்னால் பணக்கணக்கு

கலிஃபோர்னியாவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ‘பள்ளி மாவட்டம்’ என்ற அமைப்புக்கு மாநிலம் தரும் பணம், சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை, தினசரி வருகையின் சராசரியைப் பார்த்து வருகிறது. பெயர் பதிவேட்டில் இருந்து பிள்ளை வீட்டில் இருந்தால் அன்றைக்குக் காசு இல்லை. 1998-99க்கு முன்பு வரை, காய்ச்சல் என்று கடிதம் வந்தால் அந்த நாளும் வருகையில் சேரும். அதன்பின் அந்தச் சலுகையும் போயிற்று.

வருகைக்குப் பணம் என்றால், ‘நாள்’ என்பது எவ்வளவு நீளம் என்ற கேள்வி தானாக வரும். 1983இல் வந்த எஸ்பி 813 (எஸ்பி என்றால் மாநில மேலவையில் பிறந்த மசோதா, ஏபி என்றால் கீழவையில் பிறந்தது) என்ற கல்விச் சீர்திருத்தச் சட்டம் பள்ளி நாளையும் ஆண்டையும் நீட்டினால் கூடுதல் பணம் என்று ஆசை காட்டியது. அதிலிருந்து வளர்ந்த ஆண்டு நிமிடக் கணக்கு இன்றும் நிற்கிறது: கிண்டர்கார்டனுக்கு 36,000, ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு 50,400, நான்கு முதல் எட்டுக்கு 54,000, ஒன்பது முதல் பன்னிரண்டுக்கு 64,800. பள்ளி மாவட்டத்துக்கு 180 நாள். ஒரு நாள் குறைந்தால் அந்த நாளுக்குரிய பங்கை மாநிலம் பிடித்துக்கொள்ளும்.

வகுப்பறையில் நிமிடத்தை எண்ணுவது சுலபம். சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் நேரடிப் பார்வையிலும் கட்டுப்பாட்டிலும் பிள்ளை இருக்கும்படி அட்டவணையிட்ட நேரம் பாடநேரம். மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கழித்துவிடு. கடைசி பெஞ்சில் தூங்கினாலும் நிமிடம் நிமிடம்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இணையவழி வகுப்பைத் திட்டுகிற பலர், பழைய கணக்கு ஏதோ கற்றலை அளந்துகொண்டிருந்தது போலப் பேசுகிறார்கள். அதுவும் அளக்கவில்லை. அது அளந்தது ஒன்றே ஒன்று: பெரியவர் ஒருவர் இருக்கிற அறையில் பிள்ளையின் உடம்பு இருந்ததா? ஆனால் அந்த ஒன்றையாவது கண்ணால் பார்த்து எழுதினார்கள்.

மார்ச் 13

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமான லாஸ் ஏஞ்சலஸ் மூடுவதாக அறிவித்தது. அதே நாளில் ஆளுநர் கேவின் நியூசம், பள்ளி மூடினாலும் பணம் நிற்காது என்று நிர்வாக ஆணை போட்டார். நான்கு நாளில் எஸ்பி 117 வந்தது: அந்த ஆண்டின் வருகைச் சராசரியைப் பிப்ரவரி 29 வரை மட்டும் கணக்கிட்டால் போதும்.

வழக்கமாகக் காட்டுத்தீயாலோ புகையாலோ பள்ளி மூடினால், மாவட்டம் ‘ஜே-13ஏ’ என்ற படிவத்தை நிரப்பி, இழந்த நாளுக்கு விலக்குக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் மாநிலம் முழுக்க மூடியபோது அதற்குப் பதில் ஒரு சான்றுறுதிப் படிவமே போதும் என்றார்கள். அந்த வசந்தகாலத்தில் யாரும் நிமிடத்தை எண்ணவில்லை. எண்ணியிருக்கவும் முடியாது. லேப்டாப் பெட்டிகள் பள்ளி வாசலில் வரிசை கட்டி விநியோகமாகிக்கொண்டிருந்த நேரம் அது.

ஜூன் 29: புதிய படி

அடுத்த ஆண்டுக்கு அப்படி விட முடியாது. 2020 ஜூன் 29 அன்று பட்ஜெட்டோடு எஸ்பி 98 சட்டமானது. கூடவே சில திருத்தங்களோடு ஏபி 77. 2020-21க்கு மட்டும் ஆண்டு நிமிடக் கணக்கை நிறுத்திவைத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மட்டும் சொன்னார்கள்: கிண்டர்கார்டனுக்கு 180 நிமிடம், ஒன்று முதல் மூன்றுக்கு 230, நான்கு முதல் பன்னிரண்டு வரை 240.

இந்த எண்கள் புதிதல்ல. ஒரு நாளை ‘பள்ளி நாள்’ என்று சொல்லக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று சட்டத்தில் ஏற்கெனவே இருந்தவைதான். அதற்கு மேலே ஆண்டு நிமிடம் என்ற இன்னொரு கூரை இருந்ததால் எந்தப் பள்ளியும் அந்தத் தரைமட்டத்தில் ஆண்டு முழுக்க நிற்க முடியாது. கூரையை எடுத்ததும் தரை மட்டும் மிஞ்சியது.

கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளிக்கு 64,800ஐ 180ஆல் வகுத்தால் நாளுக்கு 360 நிமிடம். புதிய விதியில் 240. நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைவு. 180 நாளுக்கும் குறைந்தபட்சத்திலேயே ஓட்டிய பள்ளியில் இது 360 மணி நேரம். நான்கு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம், ஆண்டுக்கு 180 மணி. ஒன்று முதல் மூன்று வரை 150 மணி. கிண்டர்கார்டனில் 60 மணிதான். வயது ஏற ஏற வெட்டு பெரிதாகிறது. பரீட்சையும் கல்லூரி விண்ணப்பமும் முன்னால் நிற்கிற பிள்ளைக்கே அதிகம் குறைந்தது. எல்லா மாவட்டமும் தரைமட்டத்தில் நின்றன என்று நான் சொல்லவில்லை. நின்றால் கேட்க விதி இல்லை என்கிறேன்.

இதைவிட முக்கியமானது எண்ணும் முறை. எஸ்பி 98 மூன்று வகை சொன்னது. நேரடி வகுப்பு என்றால் பழையபடி, ஆசிரியரின் பார்வையில் இருக்கும் அட்டவணை நேரம். இணையவழி என்றால், கொடுத்த வேலையின் ‘நேர மதிப்பு’. அந்த மதிப்பைச் சான்றிதழ் பெற்ற ஊழியர் தீர்மானித்து உறுதி கூற வேண்டும். பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீடு என்றால் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். 90 நிமிடம் வகுப்பில், 150 நிமிட மதிப்புள்ள வேலை வீட்டில், கூட்டினால் 240, நாள் நிறைந்தது.

நேர மதிப்பு என்ற சொல்லைச் சட்டமன்றம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ‘தனிப்படிப்பு’ என்றொரு ஏற்பாடு பல ஆண்டுகளாக உண்டு. நோயாளிப் பிள்ளைகள், நடிக்கிற பிள்ளைகள், ஊர் ஊராக விளையாட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் பள்ளிக்கு வராமலே எழுத்து ஒப்பந்தம் போட்டுப் படிப்பார்கள். அங்கேயும் பணம் நேர மதிப்பைப் பார்த்துத்தான் வரும். ஆனால் அங்கே மதிப்புப் போடுவது மாணவர் முடித்துக் கொண்டுவரும் வேலைக்கு. ஆசிரியர் ஒவ்வொன்றையும் தானே பார்த்து, இதற்கு இவ்வளவு நேரம் பெறும் என்று எழுத வேண்டும். வெள்ளைத் தாள் வந்தால் மதிப்பும் வெள்ளை.

எஸ்பி 98 அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது, அது ஒட்டியிருந்த பொருளை விட்டுவிட்டது. ‘செய்த வேலையின் நேர மதிப்பு’ என்பது ‘கொடுத்த வேலையின் நேர மதிப்பு’ ஆயிற்று. களத்துமேட்டில் நெல்லை அளந்துகொண்டிருந்த படியால் விதைநெல்லை அளந்து, அதையே விளைச்சல் என்று ஏட்டில் எழுதுவது போல.

ஏன் அப்படி எழுதினார்கள்

சட்டம் எழுதியவர்களை முட்டாள்களாக்கிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த ஜூன் மாதத்தில் அவர்கள் முன்னால் இருந்தது என்ன? இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு படம் அதைக் காட்டும். சலீனாஸ் நகரில், டாக்கோ பெல் உணவகத்துக்கு வெளியே நடைபாதையில் இரண்டு சிறுமிகள் லேப்டாப்போடு உட்கார்ந்து, கடையின் வைஃபையில் பாடம் படிக்கிற படம் ஒன்று ஆகஸ்டு கடைசியில் நாடு முழுக்கச் சுற்றியது. சுற்றிலும் கீரையும் ஸ்ட்ராபெர்ரியும் விளையும் ஊர் அது. வயல் வேலைக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. அந்தச் சிறுமிகளிடம் போய், காலை எட்டரைக்குத் திரையில் முகம் காட்டினால்தான் நிமிடம் சேரும் என்று சொல்ல முடியுமா? அம்மா வேலை முடிந்து போனைக் கொண்டுவந்த பிறகு இரவு எட்டு மணிக்குத்தான் ஒரு பிள்ளை பாடத்தைத் திறக்கும் என்றால், அந்தப் பிள்ளைக்கும் கணக்கில் இடம் வேண்டும். லாகின் நேரத்தை எண்ணியிருந்தால் இணையம் இல்லாத வீடுதான் முதலில் அடிபட்டிருக்கும்.

ஆகவே கொடுத்த வேலைக்கு மதிப்புப் போடுவதில் ஒரு கருணை இருந்தது. என் குறை அங்கே இல்லை. நேரலை வகுப்புக்குக் குறைந்தபட்ச நிமிடம் எதையும் சட்டம் சொல்லவில்லையே, அங்கேதான். ஆசிரியரோடும் சக மாணவரோடும் ‘தினமும் நேரலைத் தொடர்பு’ வேண்டும் என்றது. அது இணையத்திலும் இருக்கலாம், தொலைபேசியிலும் இருக்கலாம். எத்தனை நிமிடம்? அந்த இடத்தில் எண் இல்லை. தினமும் முடியாவிட்டால், பெற்றோர் கருத்தைக் கேட்டு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். 240 நிமிடத்தில் நேரலை 20ஆக இருந்தாலும் 200ஆக இருந்தாலும் ஏட்டில் அது ஒரே 240தான்.

ஆஜர், ஆப்சென்ட்

வருகை ஏட்டில் விதிகள் கறாராகத்தான் இருந்தன, குறைந்தபட்சம் பார்வைக்கு. ஒவ்வொரு பிள்ளையின் பங்கேற்பையும் தினமும் எழுத வேண்டும். கலந்துகொள்ளாத பிள்ளைக்கு ஆப்சென்ட். இதற்கு மேல் வாராந்திரப் பதிவு ஒன்று: எந்த நாள் நேரலை, எந்த நாள் தானே செய்யும் வேலை, என்ன வேலை கொடுத்தோம், பிள்ளை பங்கேற்றதா. வாரத்தில் மூன்று நாளுக்கு மேலோ, பாடநாட்களில் 60 விழுக்காடோ பிள்ளை காணாமல் போனால், வீட்டைத் தேடிப் போய் மீண்டும் இழுத்துவர ஒவ்வொரு மாவட்டமும் எழுத்தில் திட்டம் வைத்திருக்க வேண்டும்.

பங்கேற்பு என்றால் என்ன என்பதில்தான் நெகிழ்வு. இணைய வகுப்பில் தலைகாட்டினால் பங்கேற்பு. வேலையை முடித்து அனுப்பினால் பங்கேற்பு. தேர்வு எழுதினால் பங்கேற்பு. பள்ளி ஊழியர் பிள்ளையோடோ பெற்றோரோடோ தொடர்புகொண்டால் அதுவும் பங்கேற்புக்குச் சான்றாகலாம். ஆசிரியர் அம்மாவுக்குப் போன் போட்டு, “என்னங்க, பையன் ரெண்டு நாளா காணோமே” என்று கேட்டு, “கரண்ட் போயிடுச்சு மேடம், நாளைக்கு வருவான்” என்று பதில் வந்தால், சட்டத்தின் சொற்படி அந்த உரையாடலே அன்றைய தொடர்பு. எந்தப் பள்ளி இதை எப்படிப் பயன்படுத்தியது என்பது வேறு விஷயம். வாசல் திறந்திருந்தது.

நிமிடத்தைச் சரிபார்க்க யாருக்கும் அவசரம் இல்லாமல் போனதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. என் கண்ணில் முழு விவகாரத்தின் அச்சாணியே அதுதான். 2020-21க்கான பணத்தை அந்த ஆண்டின் வருகையைப் பார்த்துத் தரவில்லை. முந்தைய 2019-20 ஆண்டின் வருகையையே வைத்துக்கொள்ளலாம் என்று எஸ்பி 98 காப்புக் கொடுத்தது. வளரும் மாவட்டங்கள் இதனால் நஷ்டப்படுகிறோம் என்று குரல் கொடுத்ததும் செப்டம்பரில் எஸ்பி 820 அவர்களுக்கு வழி செய்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் திவாலாகாமல் காத்தது இந்தக் காப்புதான். ஆனால் இதன் பக்கவிளைவைப் பாருங்கள். வருகைக்கும் பணத்துக்கும் இருந்த கயிறு அறுந்தது. நிமிடத்துக்கும் கற்றலுக்கும் கயிறு எப்போதுமே இல்லை. மிஞ்சியது, ‘240 கொடுத்தோம்’ என்று அட்டவணையில் காட்டும் கடமை மட்டும். பள்ளிக்கு வெளியிலிருந்து ஆண்டுதோறும் வரும் தணிக்கையாளர் எதைப் பார்க்க முடியும்? அட்டவணை இருக்கிறதா, உறுதிமொழி இருக்கிறதா, வாராந்திரப் பதிவு நிரம்பியிருக்கிறதா. காகிதம் சரியாக இருந்தால் கணக்கும் சரி.

அறைக்குள்ளே ஜூம்

2021 மார்ச் 5 அன்று ஏபி 86 வந்தது. மொத்தம் 660 கோடி டாலர். அதில் 200 கோடி, பிள்ளைகளை வகுப்புக்குத் திரும்ப அழைக்கும் மாவட்டங்களுக்கு. ஏப்ரல் 1க்குப் பிறகு திறக்காத ஒவ்வொரு பாடநாளுக்கும் ஒரு விழுக்காடு கழிவு, மே 15க்குள் திறக்காவிட்டால் ஒன்றும் இல்லை. அறுந்த கயிற்றை மாநிலம் வேறு இடத்தில் முடிச்சுப் போட்டது.

முடிச்சு விழுந்த இடம் ‘நேரடிக் கல்வி’ என்ற வரையறை: சான்றிதழ் பெற்ற ஊழியரின் உடனடி நேர்ப்பார்வையில், கட்டுப்பாட்டில் பிள்ளை இருந்து, தனக்குரிய பாடவேலையைச் செய்வது. அந்த ஆசிரியரே பாடம் நடத்த வேண்டும் என்று அதில் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளிகள் ஏப்ரல் கடைசியில் திறந்தபோது காட்சி இது. மாணவர்கள் நாள் விட்டு நாள் வந்தார்கள். ஆனால் மணி அடித்தால் அறை மாறவில்லை. கலந்து நடந்தால் தொற்று பரவும் என்று ஒரே அறையில் ஒரே நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். காதில் ஹெட்போன், எதிரே லேப்டாப். கணக்கு ஆசிரியர் வேறோர் அறையிலிருந்து ஜூமில் கணக்கு நடத்துகிறார், அடுத்து வரலாறும் ஜூமில். பிள்ளை உட்கார்ந்திருக்கிற அறையில் இருக்கும் ஆசிரியரோ தன் லேப்டாப்பில் தன்னுடைய வேறு மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். ஒரே அறையில் ஒருவர் பேச, மற்றவர்கள் ஆளுக்கொரு பாடத்தைக் காதில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ‘அறைக்குள்ளே ஜூம்’ என்று பெற்றோரும் பிள்ளைகளும் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கணக்குப்படி அது நேரடிக் கல்வி. நேற்று வீட்டில் இருந்தபடி அதே ஆசிரியரை அதே ஜூமில் பார்த்துக் கேட்ட பாடம் இணையவழி. திரையும் குரலும் ஒன்றுதான், நாற்காலி மட்டும் மாறியது. ஏட்டில் கட்டம் மாறியது, மானியத்தின் பெயரும் மாறியது. வீட்டுத் தனிமையிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவந்ததற்கு ஒரு மதிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. அதைப் பாடநேரம் என்ற தலைப்பில் எழுதியதுதான் உறுத்துகிறது.

நீதிமன்றமும் திருத்தமும்

2020 நவம்பர் 30 அன்று ஓக்லாந்து, லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக் குடும்பங்கள் சில, அலமீடா கவுன்ட்டி நீதிமன்றத்தில் மாநிலத்தின் மேலேயே வழக்குப் போட்டன. மாவட்டத்தின் மேல் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சமமான கல்வி கிடைக்கச் செய்வது மாநிலத்தின் பொறுப்பு, அதைச் செய்யவில்லை என்பது வாதம். மார்ச்சில் பள்ளி மூடியதிலிருந்து ஆண்டு முடியும்வரை தங்கள் பிள்ளைகளின் ஆசிரியர் வகுப்பெடுத்தது இரண்டே முறை என்று ஒரு குடும்பம் மனுவில் சொன்னது. 2024 பிப்ரவரியில் சமரசம் வந்தது. கற்றல் மீட்புக்கு ஒதுக்கியிருந்த நிதியில் குறைந்தது 200 கோடி டாலர், மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, பலன் தரும் என்று சான்றுள்ள வழிகளில் செலவாக வேண்டும் என்பது ஏற்பாடு.

விதி அதற்கு முன்பே மாறிவிட்டது. 2021 ஜூலை 9 அன்று கையெழுத்தான ஏபி 130, எஸ்பி 98இன் இணையவழிக் கல்வியைத் தொடரவில்லை. வீட்டிலிருந்து படிக்க வேண்டுமா, பழைய தனிப்படிப்பு வழியாக வா என்றது. 2021-22இல் ஒவ்வொரு மாவட்டமும் அதைக் கொடுக்கவும் வேண்டும். முன்பு எண் இல்லாத இடத்தில் இப்போது கால இடைவெளி வந்தது: கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரை தினமும் நேரலைப் பாடம். நான்கு முதல் எட்டு வரை தினமும் நேரலைத் தொடர்பு, வாரம் ஒரு முறையாவது நேரலைப் பாடம். உயர்நிலையில் வாரம் ஒரு முறையாவது நேரலைப் பாடம். பெற்றோர் திரும்ப வகுப்புக்கு அனுப்ப விரும்பினால் ஐந்து பாடநாளுக்குள் இடம் கொடுக்க வேண்டும். உயர்நிலைக்கு வாரம் ஒரு முறை போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். எத்தனை நிமிடம் என்ற கேள்வி இன்னும் பாதி காலியாகத்தான் இருக்கிறது.

இதற்கிடையில் வருகை என்ற பழக்கமே ஆட்டம் கண்டது. பாடநாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் 2018-19இல் மாநிலத்தில் 12.1 விழுக்காடு. பள்ளிகள் முழுதாகத் திறந்திருந்த 2021-22இல் 30 விழுக்காடு. தொற்றும் தனிமைப்படுத்தலும் அதில் பெரிய பங்கு. ஆனாலும் ஓராண்டு முழுக்க ‘வந்தது’ என்ற சொல்லுக்குப் பொருள் தளர்ந்திருந்ததற்கும் இதில் பங்கு இருக்கும் என்றே எனக்குப் படுகிறது. எண்ணால் நிரூபிக்க முடியாத ஊகம் இது.

இன்று தனிப்படிப்பில் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதே பின்னக் கணக்குத்தாளைக் கொடுத்தால், ஆசிரியர் முன்கூட்டி ஓரத்தில் எழுதும் 30 வெறும் மதிப்பீடு. தாள் திரும்பி வர வேண்டும். பிள்ளை போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு ஆசிரியர் நேரத்தைக் குறித்து உறுதி கூறுவார். பிந்தைய திருத்தத்தில், நேரலை வகுப்பில் பிள்ளை உட்கார்ந்த நேரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ள விட்டார்கள். பத்து நிமிடத்தில் முடித்த பையனுக்கும், தம்பியை மடியில் வைத்திருந்த சிறுமிக்கும் இன்னும் ஒரே 30 கிடைக்கக்கூடும். திறக்காத தாளுக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம்.